குயின் மேரி 1:600 பிளாஸ்டிக் கிட்: மலையில் ஒட்டப்போகிறவர்களுக்கு ஒரு விமர்சனம்

பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிச் செய்யும் மாதிரிக் கப்பல் இது. டப்பா மேல் படம் அழகாகத்தான் இருக்கிறது. மூன்று சிவப்புப் புகைபோக்கி, கறுப்பு உடல், வெள்ளை மேல்தளங்கள், முன்னால் நுரைத்துக்கொண்டு பிளக்கும் கடல். ஆனால் எந்த வருஷத்துக் குயின் மேரி என்று டப்பாவில் எங்கும் போடவில்லை. உள்ளே இருக்கும் வழிகாட்டித் தாளிலும் இல்லை. 1936 முதல் 1967 வரை முப்பத்தோரு வருஷம் ஓடிய பிரிட்டிஷ் பயணிகள் கப்பல் அது. ஒருவருடைய கல்யாணப் போட்டோவும் அறுபதாம் கல்யாணப் போட்டோவும் ஒன்றுபோலவா இருக்கும்? இந்தக் கிட்டில் இரண்டு போட்டோவையும் பாதிப் பாதியாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம். இந்த அளவில் கிடைக்கும் பழைய அச்சுக் கிட்டுகளில் அநேகமாக இதே நல்லதும் கெட்டதும்தான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் உட்கார்ந்து இதை ஒட்டப்போகிறவர் டப்பாவைப் பிரிப்பதற்கு முன்பே இரண்டு விஷயத்தை முடிவு செய்துவிட வேண்டும்: எந்த வருஷத்துக் கப்பல், எந்த மாதத்தில் பெயின்ட். இரண்டாவதைப் பற்றி எந்த வழிகாட்டித் தாளும் பேசாது. அதை எழுதியவர்கள் ஊட்டி காந்தலில் ஜூலை மாதத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். நிஜக் கப்பலின் நீளம் 1,019 அடி 6 அங்குலம், அகலம் 118 அடி. 600 ஆல் வகுத்தால் 51.8 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம். கிட்டின் உடல் நீளத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் குறைகிறது. அதைக் கண்ணால் யாரும் கண்டுபிடிக்கப்போவதில்லை. அகலத்தில்தான் வம்பு. உடல் இடது, வலது என இரண்டு பாதியாக வருகிறது. நடுப்பகுதியில் இரண்டும் உள்பக்கமாகச் சற்று வளைந்திருப்பதால், அப்படியே ஒட்டினால் 57 மி.மீ.தான் வரும். மூன்று மில்லிமீட்டர்தானே என்று விட்டால் பிரதான தளம் உட்காராது. தளத்தை அழுத்தி உட்கார வைத்தால் பக்கவாட்டு ஒட்டு விரியும்.

ஆகவே உடலில் நேரத்தைச் செலவழியுங்கள். துண்டுகள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்தே (ஸ்ப்ரூ) குறுக்குக் கட்டைகளாக நான்கைந்து துண்டு வெட்டி, உட்பக்கம் தளத்துக்குக் கீழே முட்டுக் கொடுங்கள். வெளிப்புற அகலம் நடுவில் சரியாக 60 மி.மீ. வரும் வரை முட்டின் நுனியை உப்புத்தாளில் தேய்த்துக் குறைத்துக்கொண்டே போகலாம். பிறகு இரண்டு பாதியையும் பசை போடாமலே சேர்த்து, நாலு செ.மீ.க்கு ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவிலிருந்து ஆரம்பித்து இரு முனைக்கும் போங்கள். முனையிலிருந்து ஆரம்பித்தால் மிச்சமாகும் வளைவு எல்லாம் நடுவில் வந்து சேரும். தண்ணீர் மாதிரி ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட்டைப் பிரஷ்ஷில் தொட்டு இடுக்கில் வைத்தால் அது தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். டேப் ஒட்டிய இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். டேப்புக்கு அடியில் பசை பரவி, எடுக்கும்போது டேப்பின் முத்திரை பிளாஸ்டிக்கில் பதிந்திருக்கும். டேப்புக்கு இடையில் வைத்து, ஒரு நாள் விட்டு, டேப்பை எடுத்துவிட்டு மிச்ச இடத்தை முடிக்கலாம். அடிப்பாகத்து இடைவெளிக்குப் புட்டி போட்டு, 400, 600, 1000 என்ற வரிசையில் உப்புத்தாள். கீழே ஊருக்குள் உள்ள ஹார்டுவேர் கடைகளிலேயே 600 வரை கிடைக்கும். 1000 வேண்டுமென்றால் கார் பெயின்ட் கடையில் கேளுங்கள்.

தளத் துண்டுகள் டப்பாவிலேயே முறுக்கிக்கொண்டு வருவது உண்டு. வெந்நீரில் போட்டு நிமிர்த்துங்கள் என்பார்கள். சமவெளியில் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் பிளாஸ்டிக் குழைந்துவிடும் என்று பயமுறுத்தவும் செய்வார்கள். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகாத ஊர் என்பது இங்கே நமக்குச் சாதகம். ஆனாலும் 60 முதல் 65 டிகிரி போதும்: இரண்டு பங்கு கொதிநீர், ஒரு பங்கு குழாய்த் தண்ணீர், ஒரு நிமிடம். எடுத்துக் கண்ணாடிப் பலகையில் வைத்து மேலே புத்தகத்தை வைத்துவிடுங்கள்.

இனி வருஷக் கணக்கு.

ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் ஜான் பிரவுன் தளத்தில் 1930 டிசம்பரில் இந்தக் கப்பலின் வேலை தொடங்கியது. அப்போது பெயர் கிடையாது, வேலை எண் 534 மட்டும்தான். ஒரு வருஷத்தில் பொருளாதார வீழ்ச்சி; 1931 டிசம்பரில் வேலை நின்றது. பாதிக் கட்டிய எலும்புக்கூடு இரண்டு வருஷத்துக்கும் மேல் அப்படியே நின்றது. கப்பலைக் கட்டச் சொன்ன குனார்ட் கம்பெனியும் அதன் போட்டிக் கம்பெனியான வொயிட் ஸ்டாரும் ஒன்று சேர்ந்தால்தான் கடன் என்று பிரிட்டிஷ் அரசு நிபந்தனை போட்டது, சேர்ந்தார்கள், 1934 ஏப்ரலில் வேலை மறுபடி ஆரம்பித்தது. அதே வருஷம் செப்டம்பர் 26 அன்று கப்பலை நீரில் இறக்கினார்கள். 1936 மே 27 அன்று சவுத்தாம்ப்டனிலிருந்து ஷெர்பூர் வழியாக நியூயார்க்குக்கு முதல் பயணம்.

கிட்டின் வடிவத்துக்கும் இந்தப் பின்னணிக்கும் சம்பந்தம் இருக்கிறது. மூன்று பழைய கப்பல்களை வைத்து வாரம் ஒரு புறப்பாடு என்று நடத்திவந்ததை, வேகமான இரண்டே கப்பல்களை வைத்து நடத்துவதுதான் குனார்டின் திட்டம். இரண்டு கப்பலில் வாராந்திர அட்டவணை ஓட வேண்டுமானால் 28.5 நாட் (மணிக்கு ஏறக்குறைய 53 கிலோமீட்டர்) வேகத்தை நாள்தோறும் விடாமல் பிடிக்க வேண்டும். அதற்கு யாரோ (Yarrow) என்ற வகையில் 24 பாய்லர், நான்கு டர்பைன் தொகுதி, நான்கு புரொப்பெல்லர், 160,000 குதிரைசக்தி. அத்தனை பாய்லரின் புகைக்கு மூன்று புகைபோக்கி. பாய்லர் அறைகளுக்குக் காற்று போக, புகைபோக்கிகளைச் சுற்றிக் காது மாதிரி வளைந்த காற்றுக் குழல்கள். பின்னால் வந்த தங்கைக் கப்பல் குயின் எலிசபெத்துக்கு இரண்டே புகைபோக்கி, மேல்தளமும் துடைத்துவிட்டது போல இருக்கும். குயின் மேரியின் அழகே அந்த நெரிசல்தான். கிட்டில் காற்றுக் குழல்கள் தனித் துண்டுகளாக வருவது பாராட்ட வேண்டிய விஷயம். வாய் மட்டும் மூடியே இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் டிரில் பிட்டால் அரை மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குடைந்து உள்ளே கறுப்புத் தொட்டு வையுங்கள்; மொத்தக் கிட்டிலும் இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பலன் தரும் வேலை வேறில்லை.

நம் மலை ரயிலைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு ஒப்பீடு. குன்னூர் ஷெட்டிலிருந்து கிளம்பும் எண்ணெய் எரிக்கும் நீராவி எஞ்சின்களைப் போல இந்தக் கப்பலின் பாய்லர்களும் எண்ணெயில் எரிந்தவைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர் ஏற ரயிலுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 1938 ஆகஸ்டில் குயின் மேரி அட்லாண்டிக்கை மேற்கு நோக்கி 30.99 நாட் சராசரியில் கடந்தது; மணிக்கு 57 கிலோமீட்டருக்கு மேல், 3 நாள் 21 மணி 48 நிமிடம். திரும்பும்போது 31.69 நாட். பிரெஞ்சுக் கப்பல் நார்மண்டியிடமிருந்து மீட்ட அந்த புளூ ரிபாண்ட் என்ற அட்லாண்டிக் வேகப் பட்டத்தை 1952 வரை, யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற அமெரிக்கக் கப்பல் வந்து பறிக்கும் வரை, யாரும் தொடவில்லை.

1936 முதல் 1939 வரையுள்ள கப்பலைச் செய்வதானால் கிட்டில் இரண்டு விஷயத்தை எடுக்க வேண்டும். கப்பலை நடத்தும் அறைக்கு (பிரிட்ஜ்) மேலே இருக்கும் ராடார் ஒன்று. போருக்கு முன் அது கிடையாது. உடலின் அடிப்பாகத்தில் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு போன்றவை இன்னொன்று. கப்பல் ஆட்டத்தைக் குறைக்கும் இந்த ஸ்டெபிலைசர்களை 1958இல்தான் பொருத்தினார்கள். அதற்கு முன் இருபது வருஷம் இந்தக் கப்பல் உருண்டாடுவதில் பேர்போனது. ஆரம்பத்தில் நடைபாதைகளில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கம்பிகூட இல்லை. டப்பாப் படத்தில் இருப்பது சந்தேகமில்லாமல் போருக்கு முந்தைய கப்பல். உள்ளே துடுப்புகள் அச்சோடு சேர்ந்தே வருகின்றன. வெட்டி எடுத்து, புட்டி போட்டு, தேய்த்துவிடுங்கள். உடலுக்குப் பிரைமர் அடித்த பிறகு ஞாபகம் வந்தால் வேலை மூன்று மடங்கு.

1958க்குப் பிந்தைய கப்பல் என்றால் எதையும் எடுக்க வேண்டாம். முதல் முறை கப்பல் கிட் ஒட்டுகிறவருக்கு அதுவே நல்லது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, மழைக்காலத்தில் கை அரிக்கிறவர்களுக்கு: போர்க்காலச் சாம்பல் நிறக் கப்பல். 1940இல் மொத்தத்தையும் சாம்பல் பூசி, சிட்னியில் படைக் கப்பலாக மாற்றினார்கள். ஆஸ்திரேலியப் படைகளைச் சூயஸுக்கு ஏற்றிப் போனது, பிறகு அமெரிக்கப் படைகளை பிரிட்டனுக்கு. 2,139 பயணிகளுக்குக் கட்டிய கப்பலில் 1943 ஜூலையில் ஒரே பயணத்தில் 16,683 பேர் போனார்கள். ஒரே கப்பலில் அத்தனை பேர் அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் இல்லை. வேகம்தான் அதற்குப் பாதுகாப்பு. நீர்மூழ்கியால் துரத்திப் பிடிக்க முடியாது. அந்த வேகமே 1942 அக்டோபர் 2 அன்று வினையானது. அயர்லாந்துக்கு வடக்கே காவலுக்கு வந்த குராசோவா என்ற சொந்தப் போர்க்கப்பலையே குயின் மேரி குறுக்கே வெட்டிச் சென்றது. முந்நூறுக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். நீர்மூழ்கி பயத்தால் நிற்காமல் போகவேண்டும் என்பது உத்தரவு.

ஒட்டுகிறவர் கண்ணோட்டத்தில் சாம்பல் கப்பலுக்கு மாஸ்கிங் வேலை, அதாவது நிறம் படக்கூடாத இடத்தை டேப்பால் மறைப்பது, கிட்டத்தட்ட இல்லை. பளபளப்பு வேண்டாம் என்பதால் பனிமூட்டம் கெடுக்க ஒன்றும் இல்லை. மேட் அக்ரிலிக்கைப் பிரஷ்ஷிலேயே அடித்துவிடலாம். குறை என்னவென்றால் போர்க்காலப் பீரங்கிகளும் மிதவைகளும் கிட்டில் கிடையாது. ஸ்ப்ரூ துண்டிலும் பிளாஸ்டிக் ஷீட்டிலும் நீங்களே செய்ய வேண்டும்.

வண்ணக் கப்பல் என்றால் மலையோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும். லேக்கர் பெயின்ட்டோ கிளியர் கோட்டோ அடிக்கும்போது அதிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர வைக்கிறது. காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிர்ந்த மேற்பரப்பில் ஈரம் படிந்து, பெயின்ட்டுக்குள் சிக்கிக்கொண்டு, வெளுப்பாகப் பூத்துவிடும். கறுப்பு உடலில் இது சாம்பல் பூசிய மாதிரி தெரியும். குயின் மேரியின் உடல் அரை மீட்டர் நீளத்துக்கு வழவழக் கறுப்பு; இதைவிடப் பெரிய பொறி கிடையாது. லேசாகப் பூத்திருந்தால், வெயில் நாளில் சுத்தமான மெதுவான தின்னரை மட்டும் மெல்லிய தூவலாக அடித்தால் மேற்பரப்பு மறுபடி இளகி ஈரம் வெளியேறி மறைந்துவிடும். கனமாகப் பூத்திருந்தால் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிப்பதைத் தவிர வழியில்லை.

மேஜையில் ஒரு ஈரப்பத மீட்டர் வையுங்கள். 60, 65 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அடிக்கலாம். 75க்கு மேல் என்றால் அன்றைக்குக் கப்பல் உடலை ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர், நவம்பர் வடகிழக்குதான் பெரிய அடி. ஜனவரி முதல் மார்ச் வரை இரண்டு பக்கத்துக்கும் நல்ல காலம். ஜனவரி விடியலில் புல்வெளியெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடந்தாலும், பதினோரு மணிக்குக் காற்று காய்ந்துவிடும். பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை உங்களுக்குக் கிடைக்கும் நேரம். மூன்று மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏற ஆரம்பித்ததும் ஏர்பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுங்கள்.

ஸ்ப்ரே டின் பயன்படுத்துகிறவர்களுக்கு: குளிரில் டின்னுக்குள் அழுத்தம் குறைந்து பெயின்ட் பொட்டுப் பொட்டாகத் துப்பும். கைபொறுக்கும் சூட்டில் உள்ள தண்ணீரில் ஐந்து நிமிடம் நிற்க வைத்துத் துடைத்துவிட்டு அடித்தால் போதும். அடுப்புப் பக்கமோ ஹீட்டர் பக்கமோ கொண்டுபோகவே கூடாது. அறையில் ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது லேக்கர் அடிப்பதும் அதே அளவு முட்டாள்தனம்.

சமவெளிக்காரர்களுக்குத் தெரியாத இன்னொரு சங்கதி. மேட்டுப்பாளையத்தில் சாதாரணமாக இருக்கும் சிப்ஸ் பாக்கெட் பர்லியாறு தாண்டியதும் உப்பி, ஊட்டிக் கடையில் பலூன் மாதிரித் தொங்குமே, பெயின்ட் பாட்டிலுக்கும் சூப்பர் க்ளூ குழாய்க்கும் அதே கதிதான். கீழே அடைத்த காற்று உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும். புதுக் குழாயின் முனையை வெட்டினதும் பசை தானாக வழிந்து விரலை ஒட்டும். குழாயைச் செங்குத்தாகப் பிடித்து, முனையில் துணி சுற்றி, ஊசியால் முதலில் ஒரு சின்னத் துளை போட்டுக் காற்றை விட்டுவிட்டுப் பிறகு வெட்டுங்கள். பெயின்ட் பாட்டில் மூடியைக் கால் சுற்று திருப்பி, உஸ் என்ற சத்தம் அடங்கின பிறகு முழுக்கத் திறக்கலாம்.

நீர்மட்டக் கோடு. நிஜக் கப்பல் தண்ணீரில் 38 அடி 9 அங்குலம் அமிழ்ந்தது. கிட்டில் அது 19.7 மி.மீ. அச்சில் பதித்திருக்கும் கோடு முன்முனையில் சரியாக இருக்கிறது, பின்முனையில் ஒரு மி.மீ. மேலே ஏறிவிடுகிறது. அதை நம்பாமல், உடலைச் சமதளத்தில் நிறுத்தி, முனை 20 மி.மீ. உயரத்தில் வரும்படி ஒரு கட்டையின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து உடலைச் சுற்றி ஓட்டுங்கள். அடியில் சிவப்பை முதலில் அடித்து, இரண்டு நாள் காய வைத்து, மாஸ்கிங் செய்து மேலே கறுப்பு. எனாமல் என்றால் ஊட்டிக் குளிரில் இரண்டு நாள் போதாது. வாசனை போகும் வரை டேப் ஒட்டாதீர்கள்.

புகைபோக்கிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த விமர்சனம் முடியாது. முதலில் உயரம். முன்னது 70 அடிக்குக் கொஞ்சம் மேல், பின்னது 62 அடி, நடுவிலுள்ளது இரண்டுக்கும் இடையில். கிட் அளவில் முன்னதுக்கும் பின்னதுக்கும் நாலு மி.மீ. வித்தியாசம் வர வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றின் தலையும் பின்னோக்கி மெதுவாக இறங்கும். அந்த இறக்கம்தான் நின்ற இடத்திலேயே ஓடுகிற மாதிரியான தோற்றத்தைக் கப்பலுக்குத் தருகிறது. கிட்டில் மூன்று துண்டும் ஒரே அச்சு. நடுவிலுள்ளதன் அடியில் இரண்டு மி.மீ., பின்னதன் அடியில் நான்கு மி.மீ. தேய்த்துக் குறைக்க வேண்டும். தலைப்பக்கம் தேய்த்தால் மேல்விளிம்பு போய்விடும், அடிப்பக்கம் மட்டும். தளத்தின் சரிவுக்கு ஏற்ற சாய்வு அடியில் இருக்கும். அதைக் கெடுக்காமல், சுற்றிலும் டேப் ஒட்டிக் கோடு போட்டுக்கொண்டு அந்தக் கோடு வரை தேய்க்கலாம்.

பிறகு நிறம். வழிகாட்டித் தாள் பளிச்சென்ற தபால்பெட்டிச் சிவப்பைச் சொல்கிறது. தப்பு. குனார்ட் சிவப்பு என்பது ஆரஞ்சு கலந்தது. சிவப்பு மூன்று பங்கு, ஆரஞ்சு இரண்டு பங்கு, பழுப்பு ஒரே ஒரு துளி என்று கலந்து பாருங்கள். சாம்பல் பிரைமர் மேல் நேரடியாக அடித்தால் நிறம் செத்துவிடும். வெள்ளைப் பிரைமர், அதன்மேல் மெல்லிய மூன்று பூச்சு. மேலே கறுப்பு, கீழே மெல்லிய கறுப்பு வளையங்கள். வளையங்களுக்குக் கிட்டில் டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப்படம்) கொடுத்திருக்கிறார்கள், நல்ல காரியம். ஆனால் புகைபோக்கி நீள்வட்டம் என்பதால் டெக்கல் சுற்றி வரும்போது முனை சேராது. பின்பக்கம் ஒரு மி.மீ. இடைவெளி விழும். ஒட்டின பிறகு பிரஷ்ஷில் அடைத்துவிடலாம்.

ஒரு உபகதை. 1967இல் கப்பல் லாங் பீச் நகரத்துக்கு 34.5 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டு, பாய்லர்களை வெளியே எடுப்பதற்காகப் புகைபோக்கிகளைக் கழற்றியபோது, இரும்பு துருவில் போயிருந்தது. வருஷா வருஷம் அடித்த பெயின்ட் அடுக்குகள்தான் அவற்றைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தன. இன்றைக்கு அங்கே ஓட்டலாக நிற்கும் கப்பலில் இருப்பவை புதிதாகச் செய்து வைத்தவை. ஆகவே நிறத்துக்கு லாங் பீச் சுற்றுலாப் போட்டோவை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

புகைபோக்கிகளைப் பிடித்து நிறுத்தும் கம்பிக் கயிறுகளைக் கிட் முழுக்க விட்டுவிட்டது. குயின் எலிசபெத்துக்கு அவை கிடையாது, உள்ளிருந்தே தாங்கும் அமைப்பு. குயின் மேரிக்குக் கட்டாயம் வேண்டும். பருத்தி நூல் வேண்டாம். பிசிறு தெரியும், மழைக்காலத்தில் இறுகி, வெயில் வந்ததும் தொங்கும். ஸ்ப்ரூ துண்டை மெழுகுவர்த்திச் சுடருக்கு இரண்டு விரற்கடை மேலே சுழற்றி, நடுவில் பளபளப்பு வந்ததும் சுடரை விட்டு எடுத்து, ஒரு மூச்சு பொறுத்து இழுங்கள். மெதுவாக இழுத்தால் தடிப்பு, வேகமாக இழுத்தால் தலைமுடி. தலைமுடி அளவே தேவை. கறுப்பு ஸ்ப்ரூவாக இருந்தால் பெயின்ட் வேலையும் மிச்சம்.

கைப்பிடி வேலியைப் பற்றி: கிட்டில் வரும் பிளாஸ்டிக் வேலி அரை மில்லிமீட்டர் தடிமன். நிஜ அளவுக்குப் பெருக்கினால் ஒரு அடி தடித்த கம்பி! அதைத் தூக்கிப் போட்டுவிட்டு 1:600 பித்தளை வேலியைத் தனியாக வாங்குங்கள். உயரம் 1.8 மி.மீ. சுமாராக இருக்க வேண்டும். கிட் விலைக்கு அருகில் வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவரின் கண் முதலில் போவது அங்கேதான். பித்தளைக்குப் பிரைமர் அடிக்காமல் பெயின்ட் அடித்தால் இந்த ஊர் ஈரத்தில் ஒரே வருஷத்தில் பச்சைக் களிம்பு வெளியே வந்துவிடும். சூப்பர் க்ளூ இறுகுவதே காற்றின் ஈரத்தால்தான். மஞ்சு நாளில் கண்மூடித் திறப்பதற்குள் இறுகி, சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்த மாதிரி விட்டுவிடும். வெள்ளை மேல்தளத்தில் அது தெரியாது, தேக்கு நிறத் தளத்தில் அப்பட்டமாகத் தெரியும். தளத்தில் வரும் வேலிகளுக்கு கிளியர் அக்ரிலிக் வார்னிஷையே பசையாகப் பயன்படுத்தலாம். மெதுவாகத்தான் பிடிக்கும், கறை விடாது.

உயிர்காக்கும் படகுகள் 24. எண்ணிப் பாருங்கள். அச்சிலேயே ஒன்றிரண்டு அரைகுறையாக வார்ப்பாகி வருவது இந்தக் கிட்டின் பழக்கம். ஸ்ப்ரூவிலேயே வைத்துப் பெயின்ட் அடித்து, பிறகு வெட்டி, வெட்டிய புள்ளியைத் தொட்டுவிடுங்கள். ஜன்னல் வட்டங்கள் நிஜத்தில் இரண்டாயிரத்துக்கு மேல். அத்தனையையும் 0.6 மி.மீ. பிட்டால் குடைவது பொறுமைசாலிகளுக்கு. மற்றவர்கள் நீர்த்த கறுப்பை ஊசி முனையில் தொட்டு வைத்தால் போதும்.

டெக்கலில் ஒரு தவறு இருக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. பின்முனையில் கப்பல் பெயருக்குக் கீழே சவுத்தாம்ப்டன் என்று கொடுத்திருக்கிறார்கள். புறப்பட்ட துறைமுகம் அதுதான், ஆனால் பதிவான துறைமுகம் லிவர்பூல். பெயரை மட்டும் வெட்டி ஒட்டுங்கள். எழுத்து ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஊரே இல்லாமல் போனால் யாரும் கேட்கமாட்டார்கள், தப்பான ஊர் இருந்தால் ஒருவர் கட்டாயம் கேட்பார். டெக்கல் தாள் ஈரத்தில் பழுத்துப் பூஞ்சை பிடிக்கும் பொருள். கிட் வந்த அன்றே தாளைத் தனியாக எடுத்து, ஜிப் கவரில் சிலிக்கா ஜெல்லோடு போட்டு வையுங்கள். ஒட்டும்போது குழாய்த் தண்ணீர் ஜில்லென்று இருந்தால் டெக்கல் விறைத்துக்கொண்டு நொறுங்கும்; வெதுவெதுப்பான தண்ணீர் எடுங்கள்.

பெயின்ட் அடித்த துண்டுகளைக் காயவைக்க, மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் அரைக் கிலோ சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறினதும் தவாவில் சிறு தீயில் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அடித்த உடனே மூடாமல் அரைமணி நேரம் வெளியே விட்டு, கரைப்பான் வாசனை போன பிறகு வையுங்கள்.

கப்பலை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே இரண்டு மூன்று காற்றுத் துளை வேண்டும். முழுக்க அடைத்தால் உள்ளே பூஞ்சை. இங்கே எல்லார் வீட்டிலும் கம்பளி அலமாரியில் அந்துருண்டை இருக்கும். பூச்சி வரக்கூடாது என்று அதில் ஒன்றை இந்தப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். அந்த ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை மெல்ல இளக்கும். சில மாதத்தில் பெயின்ட் சுருங்கி, மெல்லிய துண்டுகள் தலைசாயும். கம்பளி இருக்கும் அதே அலமாரியில் டப்பாவைக்கூட வைக்க வேண்டாம்.

வாங்குவதைப் பொறுத்தவரை, கிட் மட்டும் என்றால் கூரியரில் வந்துவிடும். லேக்கர், தின்னர், ஸ்ப்ரே டின் எல்லாம் தீப்பிடிக்கும் பொருள் என்பதால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். லாரியில் கோவை வந்து, மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஏற வேண்டும். நவம்பரில் மண்சரிவு என்றால் அந்தப் பாதை நிற்கும். ஜனவரியில் பெயின்ட் அடிப்பதாக இருந்தால் திரவச் சாமான்களை அக்டோபர் ஆரம்பத்திலேயே ஆர்டர் போடுங்கள். கிட்டை மழைக்காலத்திலேயே வாங்கி உடல், முட்டு, புட்டி, தேய்ப்பு வேலைகளை அப்போதே முடித்துவிடலாம். டப்பா வந்ததும் உடலின் இரண்டு பாதியையும் கையில் எடுத்துச் சேர்த்துப் பாருங்கள். முனையில் மூன்று மி.மீ.க்கு மேல் விலகி நின்றால் திருப்பி அனுப்புங்கள். வெந்நீரில் சரியாகிற முறுக்கு தளத் துண்டுகளுக்கு மட்டும்தான். உடலின் முறுக்கு நிமிராது.